தொலைந்த பாண்ட்டும் பாணினியின் விதிகளும்

பத்து இருபது வருடங்களுக்கு முன் டைப் செய்த பைல்களை சி.டி.யில் எழுதி பீரோவுக்குள் பத்திரமாக வைத்திருக்கிறீர்களா? கையோடு ஒன்றை எடுத்துத் திறந்து பாருங்கள். சரியாகத் திறந்தால் உங்கள் அதிர்ஷ்டம். திறந்தும் உங்கள் எழுத்துகளுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் கேள்விக்குறிகளுமாகக் கொட்டினால், எனக்கு நடந்தது உங்களுக்கும் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படிப் பாழாகிப் போன ஒரு பைலை நான் ஓரளவு மீட்டெடுத்தேன். அதற்கு உதவியது விலை உயர்ந்த ரெகவரி சாப்ட்வேர் எதுவும் இல்லை. இரண்டாயிரம் வருடத்துக்கும் மேல் பழமையான சமஸ்கிருத இலக்கணம் ஒன்று. எனக்குச் சமஸ்கிருதம் தெரியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தெரிந்திருந்தால் இந்த வேலை மூன்று நாளில் முடிந்திருக்கும். எனக்கு ஏழு மாதம் ஆனது.

2004-ல் புதுக்கோட்டையில் கீழ ராஜ வீதிப் பக்கம் சின்னதாக ஒரு டி.டி.பி. சென்டர் வைத்திருந்தேன். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ், பள்ளிக்கூட வினாத்தாள் இவைதான் தொழில். இரண்டு கம்ப்யூட்டர், விண்டோஸ் 98, பேஜ்மேக்கர். ஒரு நாள் ஓய்வு பெற்ற சமஸ்கிருத ஆசிரியர் ஒருவர் மூன்று நீள நோட்டுகளைக் கொண்டு வந்து மேஜை மேல் வைத்தார். புதிதாகச் சமஸ்கிருதம் படிக்கிறவர்களுக்கான சந்திப் பயிற்சி. சந்தி என்றால் நம் நன்னூலில் வரும் புணர்ச்சி மாதிரி. கல் + சிலை, கற்சிலை ஆகிறதே, அதுபோல. 'லகு சித்தாந்த கௌமுதி' என்ற பழைய பாடநூலின் வழியில், நாற்பது வருடம் வகுப்பில் சொல்லிக் கொடுத்ததையெல்லாம் எழுதி வைத்திருந்தார். விளக்கம் தமிழில், உதாரணங்கள் கிரந்த எழுத்தில்.

கிரந்தம் என்பது தமிழ்நாட்டில் சமஸ்கிருதம் எழுதுவதற்கென்றே பல்லவர் காலத்திலிருந்து இருந்து வந்த எழுத்து. நாம் இன்றைக்கும் எழுதும் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் அங்கிருந்து வந்தவைதான். புதுச்சேரியில் உள்ள சைவ ஓலைச்சுவடித் தொகுப்பை 2005-ல் யுனெஸ்கோ தன் 'உலக நினைவுப் பதிவேட்டில்' சேர்த்தது. சுமார் 11,000 சுவடிகள். அவற்றில் பெரும்பகுதி கிரந்தத்தில் எழுதப்பட்டவை. எழுத்து இவ்வளவு இருக்கிறது, படிக்கத் தெரிந்தவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆசிரியர் கவலைப்பட்டதும் அதுதான். "தேவநாகரியில போட்டா சுலபம்தான் தம்பி. ஆனா இந்த எழுத்து என்னோட போயிடக்கூடாது" என்றார்.

எங்கேயோ தேடி ஒரு கிரந்த பாண்ட் வாங்கி வந்தேன். சாயந்திரம் ஐந்து மணிக்கு அவர் வந்துவிடுவார். அவர் சொல்லச் சொல்ல நான் டைப் செய்வேன். முதல் வாரமே தகராறு.

"சார், பலம்னுதானே சொன்னீங்க? போட்டுட்டேனே."

"அது பலம் இல்லை தம்பி, பலம்."

என் காதுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். ப என்ற ஒரே தமிழ் எழுத்து நிற்கும் இடத்தில் சமஸ்கிருதத்துக்கு நான்கு எழுத்து. சுலோகப் புத்தகங்களில் ப, ப², ப³, ப⁴ என்று சின்ன எண் போட்டிருப்பார்களே, அதுதான். ப³ல என்றால் வலிமை. ப²ல என்றால் பழம், பயன். எண் இல்லாத பல என்றால் பழைய எடை அளவு. தமிழில் மூன்றையும் 'பலம்' என்றே எழுதிவிட்டு இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். கம்ப்யூட்டருக்கு இடம் பார்க்கத் தெரியாது. எழுத்துக்கு எண் வேறு வேறாக இருந்தால்தான் அதற்கு வேறு வேறு.

மொத்தம் 90 பக்கம் போல டைப் செய்தோம். வெளியூர் அச்சகம் ஒன்று பைலை மெயிலில் கேட்டது. அப்போது டயல்-அப் இணைப்பு. அட்டாச்மென்ட் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே பக்கங்களைக் காப்பி செய்து மெயிலுக்குள்ளேயே பேஸ்ட் செய்து அனுப்பினேன். பிறகு அவருக்கு உடம்பு முடியாமல் போனது. பணமும் சேரவில்லை. புத்தகம் அச்சாகவே இல்லை. 2009-ல் அவர் காலமானார். நானும் சென்டரை மூடிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

போன வருடம் அவருடைய மகள் போன் செய்தார். வீடு விற்று, சாமான்கள் இடம் மாறியதில் நோட்டுகள் எங்கே போயின என்று தெரியவில்லையாம். "அப்பா எழுதினது ஏதாவது உங்ககிட்ட இருக்கா அண்ணா?" என்று கேட்டார்.

சி.டி.யைத் தேடி எடுத்தேன். டிரைவ் கடகடவென்று சத்தம் போட்டதோடு சரி. ஹார்ட் டிஸ்க் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. பாண்ட் பைலும் அதோடு போனது. மிஞ்சியது 2004-ல் அனுப்பிய அந்த மெயில் ஒன்றுதான். திறந்தால் ஆங்கில எழுத்துக் குப்பை, நடுநடுவே கேள்விக்குறி.

குப்பைக்கு என்ன காரணம்?

அந்தக் காலத்து பாண்ட்கள் ஒரு ஏமாற்று வேலை செய்தன. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் டைப் செய்வது ஆங்கில 'கே' எழுத்துதான். அந்த எழுத்தின் படத்துக்குப் பதிலாக 'ம' படத்தை பாண்ட் மாட்டி வைத்திருக்கும். பாண்ட் இருக்கும்வரை ம. பாண்ட் போனால் மறுபடி கே. எங்கள் கிரந்த பாண்ட்டில் சாதாரண எழுத்துகள் கீபோர்டு எழுத்துகளின் இடத்தில் இருந்தன. க்ஷ, ஜ்ஞ, ச்ச போன்ற கூட்டெழுத்துகளும், விசர்க்கம் எனப்படும் இரட்டைப் புள்ளியும் 127-க்கு மேற்பட்ட எண்களில் இருந்தன. மெயிலில் பயணம் போனபோது 127-க்கு மேற்பட்டவை எல்லாம் கேள்விக்குறியாகிவிட்டன. பாண்ட் திரும்பக் கிடைத்தாலும் கேள்விக்குறி கேள்விக்குறிதான். அங்கே என்ன இருந்தது என்ற தகவலே அழிந்துவிட்டது.

தமிழ்ப் பகுதி பாமினியில் இருந்ததால் தப்பித்தது. பாமினியை யூனிகோடாக மாற்ற இலவச கன்வெர்ட்டர்கள் இருக்கின்றன. கிரந்தத்துக்கு நானே ஒரு அட்டவணை போட வேண்டியிருந்தது. நல்ல வேளையாக, ஒரு பழைய ரசீது பைலுக்குள் மூன்று ப்ரூப் தாள்கள் கிடைத்தன. ஆசிரியர் பச்சை மையில் திருத்தியவை. அச்சான கிரந்த எழுத்து ஒரு பக்கம், மெயிலில் அதே வரிகளின் குப்பை இன்னொரு பக்கம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த ஆங்கில எழுத்துக்கு எந்தக் கிரந்த எழுத்து என்று ஒரு எக்ஸெல் ஷீட்டில் நிரப்பிக்கொண்டே போனேன். எந்த வரி தமிழ், எந்த வரி கிரந்தம் என்று பிரிப்பதும் சுலபமாக இருந்தது. கிரந்த வரி ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் ஆசிரியர் ஒரு எண் கொடுத்திருந்தார். அந்த எண்தான் பிறகு பெரிய உதவி செய்தது.

எதற்கு மாற்றுவது என்பது அடுத்த கேள்வி. யூனிகோடில் கிரந்தத்துக்கென்று தனி இடம் 2014-ல், 7.0 பதிப்பில்தான் வந்தது. 2010-ல் இது பெரிய சர்ச்சையானது சிலருக்கு நினைவிருக்கலாம். ழ, ற, ன போன்ற தமிழுக்கே உரிய எழுத்துகளையும் கிரந்தப் பகுதிக்குள் சேர்க்கும் யோசனைக்குத் தமிழ்நாட்டில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. கடைசியில் அவை இல்லாமலே கிரந்தம் சேர்க்கப்பட்டது. டைப் செய்கிறவன் என்ற முறையில் எனக்கு அது சரியாகவே படுகிறது. தமிழுக்குத் தமிழ் இடம், கிரந்தத்துக்குக் கிரந்த இடம் என்று இருந்தால் தேடும்போது குழப்பம் இல்லை. கூகுளின் 'நோட்டோ சான்ஸ் கிரந்தா' என்ற இலவச பாண்ட்டை இறக்கி இன்ஸ்டால் செய்தால் எழுத்துகள் தெரியும். பைலைச் சேவ் செய்யும்போது என்கோடிங் என்ற இடத்தில் யு.டி.எப்-8 இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இதை விட்டுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் வீணாக்கினேன்.

வேர்டில் கண்ட்ரோல்-எச் தட்டி ஒவ்வொன்றாக ரீபிளேஸ் செய்துவிடலாம் என்றுதான் ஆரம்பித்தேன். ஒரு சிக்கல். பழைய பாண்ட்டில் 'கே' என்று எழுத முதலில் கொம்பை அடித்துவிட்டுப் பிறகு க அடிப்போம், கண்ணுக்குத் தெரிகிற வரிசையில். யூனிகோடில் க முதலில், கொம்பு பிறகு. கிரந்தத்தில் இன்னொன்றும் உண்டு. 'சர்ம' போன்ற சொல்லில் வரும் ர் அடுத்த எழுத்துக்குப் பின்னால் ஒரு கொக்கியாக விழும். சேமிக்கும்போதோ ர் முன்னால் வர வேண்டும். இதற்கெல்லாம் கையால் ரீபிளேஸ் செய்ய முடியாது. கல்லூரியில் படிக்கும் அண்ணன் மகன் பைத்தானில் நாற்பது வரி எழுதிக் கொடுத்தான். முதலில் நீளமான சேர்க்கைகள், பிறகு ஒற்றை எழுத்துகள், கடைசியில் வரிசை மாற்றம். இந்த ஒழுங்கு தப்பினால் எல்லாம் தப்பும்.

மாற்றி முடித்தபோது சாதாரண எழுத்துகள் எல்லாம் வந்துவிட்டன. கேள்விக்குறிகள் அப்படியே நின்றன. எண்ணிப் பார்த்தேன், 412.

எண்ணைப் பார், விடையைப் போடு

ஒரு வரி இப்படி இருந்தது: 8.4.45 என்ற எண். அடுத்து, ஜகத் + நாத. அடுத்து, ஜக, ஒரு கேள்விக்குறி, கால், த.

இடது பக்கம் முழுசாகப் பிழைத்திருக்கிறது. பிரித்து எழுதியதால் அங்கே கூட்டெழுத்து இல்லை. சேர்த்து எழுதிய வலது பக்கத்தில்தான் ஓட்டை. அந்த எண், பாணினியின் அஷ்டாத்யாயியில் உள்ள விதியின் முகவரி. எட்டாவது அத்தியாயம், நான்காவது பாதம், நாற்பத்தைந்தாவது சூத்திரம். மொத்த நூலும் எட்டு அத்தியாயம், அத்தியாயத்துக்கு நான்கு பாதம், ஏறத்தாழ 4,000 சூத்திரம். அஷ்டாத்யாயி.காம் என்ற தளத்தில் எண்ணைக் கொடுத்தால் விதியும் விளக்கமும் வந்து நிற்கும். 8.4.45 சொல்வது, சொல்லின் கடைசி மெய்க்குப் பின் மூக்கொலி வந்தால் அந்த மெய்யும் தன் இனத்து மூக்கொலியாகலாம் என்பது. த-வின் இனத்து மூக்கொலி ந். ஆகவே கேள்விக்குறி இருந்த இடத்தில் ந்ந. சொல் ஜகந்நாத. நம் ஊர் ஜெகந்நாதன்தான்!

அடுத்த வரி ஷட் + முக. ஷட் என்றால் ஆறு. அதே விதியில் ட், ண் ஆகிறது. ஷண்முக. நம் ஊரில் தெருவுக்கு இரண்டு சண்முகம் இருப்பார்கள், பெயருக்குள் 8.4.45 உட்கார்ந்திருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கே ஒரு நெளிவு உண்டு. அந்த விதி 'ஆகும்' என்று கட்டாயப்படுத்தவில்லை, 'ஆகலாம்' என்கிறது. ஆகவே மாறாத வடிவமும் இலக்கணப்படி தப்பில்லை. மெஷினிடம் கேட்டால் இரண்டு விடை தரும். ஆசிரியர் எதை எழுதியிருப்பார்? ப்ரூப் தாளில் இதே விதிக்கான வேறொரு உதாரணத்தில் நான் மாறாத வடிவத்தை அடித்திருந்தேன். அவர் பச்சை மையில் வெட்டி மூக்கொலியைப் போட்டிருந்தார். அதையே எல்லா இடத்துக்கும் பின்பற்றினேன்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் சச்சிதானந்த. ஸத் + சித் + ஆனந்த. முதல் த் எப்படி ச் ஆனது? நேராக மாறவில்லை. முதலில் 8.2.39, சொல் முடிவில் உள்ள த்-ஐ த்³ ஆக்குகிறது. பிறகு 8.4.40, பக்கத்தில் ச இருப்பதால் அதை ஜ் ஆக்குகிறது. பிறகு 8.4.55, அடுத்து வல்லொலி வருவதால் ஜ்-ஐ ச் ஆக்குகிறது. எதற்கு இந்தச் சுற்று, நேரே த்-ஐ ச் ஆக்கினால் போதாதா என்று நானும் நினைத்தேன். யோசித்தால் புரிகிறது. இந்தச் சொல்லுக்கென்று அவர் தனி விதி எழுதவில்லை. எல்லாச் சொல்லுக்குமான மூன்று பொது விதிகள் வரிசையாக ஓடுகின்றன. அதே 8.2.39 தனியாக ஓடினால் ஜகத் + ஈச என்பது ஜகதீ³ச ஆகிறது. புரோகிராம் எழுதுகிறவர்கள் பங்க்ஷன் என்று சொல்வது இதைத்தான்.

வரிசையும் கறாரானது. நூலின் கடைசி மூன்று பாதங்களில் உள்ள விதிகளுக்குத் தனிச் சட்டம் உண்டு. பின்னால் வரும் விதி செய்த மாற்றம், முன்னால் உள்ள விதியின் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே 8.4.40 செய்ததைப் பார்த்து 8.2.39 மறுபடி ஓட முடியாது. முடிவில்லாத லூப்பில் மாட்டிக்கொண்டு கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்த அனுபவம் உள்ளவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

சுருக்கெழுத்திலும் மனிதர் கெட்டிக்காரர். நூலின் தொடக்கத்தில் ஒலிகளை 14 வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு அடையாள மெய்யை வைத்திருக்கிறது. ஒரு ஒலியையும் பின்னால் உள்ள ஒரு அடையாளத்தையும் சேர்த்துச் சொன்னால், இடையில் உள்ள ஒலிகள் அத்தனையும் என்று பொருள். 'அச்' என்றால் எல்லா உயிர்களும். 'ஹல்' என்றால் எல்லா மெய்களும். எக்ஸெலில் முதல் செல்லையும் கடைசி செல்லையும் சொல்லி ரேஞ்ச் கொடுக்கிறோமே, அதே தந்திரம்.

இரண்டு விதிகள் ஒரே இடத்தில் மோதினால் எது ஜெயிக்கும் என்பதற்கும் 1.4.2 என்று ஒரு விதி. நூலில் பின்னால் வருவது ஜெயிக்கும் என்பது மரபான பொருள். அப்படிச் செய்தால் சில சொற்கள் தவறாக வருவதால் உரையாசிரியர்கள் பல விதிவிலக்குகளைச் சேர்த்தார்கள். 2022-ல் கேம்பிரிட்ஜில் ஆய்வு செய்த ரிஷி ராஜ்போபட், அது நூலில் பின்னால் வரும் விதியைச் சொல்லவில்லை, சொல்லின் வலப் பக்கத்தில் செயல்படும் விதியைச் சொல்கிறது என்று வாதிட்டார். உலகமெங்கும் பத்திரிகைகளில் வந்தது. அறிஞர்கள் எல்லோரும் ஏற்றுக்கொள்ளவில்லை, விவாதம் நடக்கிறது. என் 412-க்கு அது தேவைப்படவில்லை. ஆனால் இத்தனை நூற்றாண்டுக்குப் பின்னும் ஒரு 'சோர்ஸ் கோடை' உட்கார்ந்து விவாதிக்கிறார்கள் என்பதே எனக்கு ஆச்சரியம்.

'கம்ப்யூட்டருக்கு ஏற்ற மொழி சமஸ்கிருதம் என்று நாசா சொன்னது' என்ற செய்தி உங்களுக்கும் பார்வர்டு ஆகி வந்திருக்கும். நடந்தது இவ்வளவுதான். நாசாவின் ஏம்ஸ் மையத்தில் இருந்த ரிக் பிரிக்ஸ் என்பவர் 1985-ல் ஓர் ஆராய்ச்சி இதழில் கட்டுரை எழுதினார். சமஸ்கிருத இலக்கண அறிஞர்கள் ஒரு வாக்கியத்தின் பொருளைப் பிரித்து எழுதும் முறை, செயற்கை நுண்ணறிவில் தகவலை வைக்கும் முறையை ஒத்திருக்கிறது என்றார். நல்ல கட்டுரை. அதற்காக நாசாவில் யாரும் சமஸ்கிருதத்தில் புரோகிராம் எழுதவில்லை. இதை விட உருப்படியான சேதி 1967-ல் வந்தது. புரோகிராம் மொழிகளின் இலக்கணத்தை எழுதப் பயன்படும் 'பேக்கஸ் முறை'க்குப் பாணினியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று இங்கர்மன் என்ற கம்ப்யூட்டர் நிபுணர் தொழில் இதழ் ஒன்றுக்கு எழுதினார். இதை யாரும் பார்வர்டு செய்வதில்லை.

விதி எண்ணை வைத்தே 356 கேள்விக்குறிகளை நிரப்பிவிட்டேன். மீதி, எண் இல்லாத வாக்கியங்களுக்குள் இருந்தவை. அங்கே சொற்கள் ஒட்டிக்கொண்டு நிற்கும். பிரிப்பது சேர்ப்பதைவிடப் பல மடங்கு கஷ்டம். நடுவில் ஒரு நெடில் 'ஆ' இருந்தால் அது அ + அ, அ + ஆ, ஆ + அ, ஆ + ஆ இவற்றில் எதுவாகவும் இருக்கலாம். ஒரு இடத்துக்கு நான்கு வழி. ஒரு வாக்கியத்தில் அப்படி ஐந்து இடம் இருந்தால் நான்கை ஐந்து முறை பெருக்க 1,024 வழி. அகராதியோடு ஒப்பிட்டு ஆகாதவற்றைக் கழிக்கும் மென்பொருள் இருக்கிறது. பிரான்சின் ஜெரார் ஹ்யூவே என்ற கம்ப்யூட்டர் விஞ்ஞானி உருவாக்கிய 'சான்ஸ்கிரிட் ஹெரிடேஜ்' தளம் ஒன்று. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் அம்பா குல்கர்னி குழுவினரின் 'சம்ஸாதனி' இன்னொன்று. இரண்டும் இலவசம். கிரந்தத்தை நேராக ஏற்காது என்பதால், வினோத் ராஜனின் 'அக்ஷரமுகா' தளத்தில் கிரந்தத்தைத் தேவநாகரியாக மாற்றிக் கொடுத்தேன். சொல்லைச் சரிபார்க்க, கொலோன் பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் மோனியர் வில்லியம்ஸ் அகராதி. இப்படி 47 தேறியது.

நடுவில் ஒரு ஏ.ஐ. சாட்டிலும் கேட்டுப் பார்த்தேன். தயங்காமல் பதில் வந்தது, சூத்திர எண்ணோடு. அந்த எண்ணைப் போய்ப் பார்த்தால் சம்பந்தமே இல்லாத விதி. எண்ணைச் சரிபார்க்காமல் எதையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்பது மட்டும் மசியவில்லை.

குடுமியான்மலை வரி

நோட்டின் கடைசிப் பகுதி நம் மாவட்டத்துக் கல்வெட்டிலிருந்து எடுத்தது. புதுக்கோட்டையிலிருந்து சுமார் 20 கி.மீ. தூரத்தில் குடுமியான்மலை. சிகாநாத சுவாமி கோயிலுக்குப் பின்னால், மேலைக்கோயில் என்ற குடைவரைக்குப் பக்கத்துப் பாறையில் சுமார் 13 அடிக்கு 14 அடி அளவில் ஒரு இசைக் கல்வெட்டு. பொதுவாக ஏழாம் நூற்றாண்டு என்பார்கள். பல்லவன் மகேந்திரவர்மன் செய்தது என்று சிலர், இல்லை என்று சிலர். ஏழு பண்களுக்கு ஏழு பகுதியாக ஸ்வரங்களை வெட்டி வைத்திருக்கிறது. முடிவில் சமஸ்கிருதத்தில் ஒரு குறிப்பு: ருத்ராசார்யரின் சீடனான, சிவபக்தனான ஒரு அரசன் மாணவர்களுக்காகச் செய்தது என்று. பி.ஆர். பண்டார்கர் இதை ஆராய்ந்து 'எபிக்ராபியா இண்டிகா' 12-ஆம் தொகுதியில் வெளியிட்டார்.

ஆசிரியர் அந்தக் குறிப்பிலிருந்து இரண்டு சொல்லை எடுத்துப் பாடம் நடத்தியிருந்தார். ஒன்று ருத்ராசார்ய: ருத்ர + ஆசார்ய, விதி 6.1.101, ஓரின உயிர்கள் இரண்டும் சேர்ந்து ஒரு நெடில். இன்னொன்று மாஹேச்வர. இதில் இரண்டு விதி. மஹா + ஈச்வர, 6.1.87-ன்படி மஹேச்வர. நம் மகேந்திரனும் இந்த வழியில் வந்தவர்தான். பிறகு 7.2.117-ன்படி முதல் உயிர் நீண்டால் 'அவரைச் சேர்ந்தவர்' என்ற பொருள். மஹேச்வரனின் பக்தன் மாஹேச்வரன். சிவ, சைவ ஆவதும் விஷ்ணு, வைஷ்ணவ ஆவதும் புத்த, பௌத்த ஆவதும் இதே விதியில்தான் என்று தமிழில் விளக்கியிருந்தார். அந்தப் பத்தியைப் படித்தபோதுதான், எதிரே உட்கார்ந்து சாயந்திரம் பூராவும் டைப் செய்தேனே தவிர, அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூட நான் காதில் வாங்கவில்லை என்று உறைத்தது.

அதற்குக் கீழே கல்வெட்டின் ஸ்வர வரி ஒன்றை முழுதாக எழுதியிருந்தார். இங்கே பாணினி உதவ மாட்டார். ஸ்வரங்கள் சொற்கள் இல்லையே. ஒவ்வொரு ஸ்வரமும் அ, இ, உ, ஏ என்ற நான்கு உயிரோடு வருகிறது: ஸ, ஸி, ஸு, ஸே என்று. அந்த உயிர் மாற்றம் எதைக் குறிக்கிறது, சுருதி நுட்பத்தையா, வீணையில் மீட்டும் முறையையா என்று ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரு முடிவு இல்லை. ஆனால் அமைப்பு கறாரானது. நான்கு நான்கு ஸ்வரமாகத் தொகுதி, ஒரு வரிக்கு 16 தொகுதி, ஆக 64. ஒரு வரியில் உள்ள தொகுதிகள் எல்லாம் ஒரே ஸ்வரத்தில் முடியும்.

என் பைலில் எண்ணினேன். 63.

கேள்விக்குறி எதுவும் இல்லை. அப்படியானால் 2004-ல் நானே ஒன்றை விட்டிருக்கிறேன். எங்கே என்று கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. முதலிலிருந்து நான்கு நான்காக வெட்டிக்கொண்டே வந்தால், பதினோராவது தொகுதி வேறு ஸ்வரத்தில் முடிந்தது. அதற்கப்புறம் எல்லாமே ஒரு இடம் தள்ளிப் போயிருந்தன. டவுன்லோடு செய்த பைல் முழுசாக வந்ததா என்று பார்க்க செக்சம் என்று ஒன்று கொடுப்பார்களே, அதே வேலை. பண்டார்கரின் பதிப்போடு ஒப்பிட்டு விட்டுப்போன ஸ்வரத்தைப் போட்டேன். ஒரு சனிக்கிழமை பிரிண்ட்அவுட்டோடு குடுமியான்மலைக்கும் போனேன். பாறையில் உள்ள அந்தக் காலத்து எழுத்துக்கும் நோட்டுக் கிரந்தத்துக்கும் வடிவம் ஏகப்பட்ட வித்தியாசம். எதுவும் படிக்க முடியவில்லை. அங்கங்கே சில எழுத்துக்கு மேலே சின்னப் புள்ளிகள் மட்டும் தெரிந்தன. வெயில் ஏறிவிட்டதால் திரும்பிவிட்டேன்.

பைலை நான்கு விதமாகச் சேவ் செய்தேன். பாண்ட் உள்ளேயே பதிந்த பி.டி.எப்.; யு.டி.எப்-8 டெக்ஸ்ட், தேவநாகரியில் ஒரு பிரதி, எண் போட்ட தமிழில் ஒரு பிரதி. ஒன்று பென் டிரைவில், ஒன்று நெட்டில், ஒன்று அண்ணன் மகனிடம். குப்பையாக வந்த பழைய மெயிலையும் அழிக்கவில்லை. மீட்டெடுக்கும் வேலையில் மூலப் பைலை ஒருபோதும் தொடாதீர்கள். காப்பியில்தான் கை வைக்க வேண்டும்.

பிரிண்ட்அவுட் எடுத்துக்கொண்டு ஆசிரியரின் மகளைப் பார்க்கப் போனேன். ஒன்பது இடத்தில் காலிப் பெட்டி போட்டிருந்தேன். சின்ன வயதில் அந்த நோட்டை வைத்துத்தான் அவரும் படித்தாராம். இரண்டு பெட்டியை அங்கேயே பேனாவால் நிரப்பினார். மற்ற ஏழும் நினைவில்லை என்றார். பிறகு என்னைச் சில வரிகள் படிக்கச் சொன்னார். தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டு தட்டுத் தடுமாறிப் படித்தேன். நான்காவது பக்கத்தில் நிறுத்தினார்.

"அண்ணா, அது பலம் இல்லை. பலம்."

பைலைத் திறந்து பார்த்தேன். ப³ என்று இருந்தது. கேள்விக்குறி இல்லாததால் நான் அந்த இடத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அகராதியில் இரண்டு சொல்லும் இருப்பதால் எந்த மென்பொருளும் எதுவும் சொல்லவில்லை. கையில் இருந்த மூன்று ப்ரூப் தாளிலும் அந்தப் பக்கம் இல்லை. ப² என்று மாற்றி, நான்கு பைலையும் மறுபடி சேவ் செய்தேன்.